நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்ட கதை

காலையில் எழுந்ததும் போனில் பார்த்த முதல் மெயில் சர்வர் தானாக அனுப்பியது. ரெய்டிலிருந்து, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ஏற்பாட்டிலிருந்து, ஒரு டிஸ்க் விழுந்துவிட்டது, மீதி ஐந்தை வைத்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு வரி. எங்கள் நாலு பேர் குழுவின் வீடியோ வேலை மொத்தமும் அந்த ஒரு சர்வரில்தான் இருக்கிறது. 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஆறு, லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டாவதும் போனால் கதை முடிந்தது. அதைப் பார்த்துக்கொள்பவன் நான் ஒருவன்தான், அதுவும் மற்ற வேலைகளுக்கு நடுவில். மெயிலைப் படித்ததும் டிஸ்க் செத்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவுக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது தப்பு என்று தெரிய 23 நாள் ஆனது. நடுவில் தேவையே இல்லாத இரண்டு டிஸ்க், டிஸ்க்குகளை சர்வரோடு இணைக்கும் ஒரு கன்ட்ரோலர் கார்டு, சில கேபிள்கள் என்று காசும் போனது.

விழுந்தது மூன்றாவது இடத்தில் இருந்த டிஸ்க். மூன்று வயது ஆகிவிட்டதால் அது செத்துவிட்டதில் சந்தேகப்படக்கூடத் தோன்றவில்லை, வயசாகிவிட்டது பாவம் என்றுதான் நினைத்தேன். ஒரு விஷயத்தை மட்டும் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதி வைக்கும் லாக்கில் அந்த டிஸ்க்கின் இணைப்பு அறுந்த நேரமும் இருந்தது, நாலைந்து நொடி கழித்து அதே டிஸ்க் வேறு எழுத்தோடு திரும்பி வந்ததும் இருந்தது. லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் எஸ்டிசி என்று இருந்தது எஸ்டிஜி ஆகியிருந்தது. பழைய பெயரில் ரெய்டு அதைத் தேடிக்கொண்டிருக்க, டிஸ்க் புதுப் பெயரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நிஜமாகவே செத்த டிஸ்க் பெரும்பாலும் இப்படி எழுந்து வந்து உட்காராது. இப்படி ஒரு டிஸ்க் போய்ப் போய் வந்தால், அதற்கும் சர்வருக்கும் நடுவில் இருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் லாக்கைப் படித்தேன், புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன், டிஸ்க்கை ஆர்டர் செய்தேன்.

நாலாம் நாள் புது டிஸ்க் வந்தது. மாட்டினேன், மற்ற டிஸ்க்குகளை வைத்துப் புதியதை நிரப்பும் ரீபில்டு 16 மணி நேரம் ஓடி முடிந்தது. எல்லாம் பச்சை. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். சரியாகப் பதினோரு நாள் கழித்து மறுபடி அதே மெயில், அதே மூன்றாவது இடம், ஆனால் இந்த முறை விழுந்தது புது டிஸ்க். அப்போதாவது "ஏன் அதே இடம்?" என்று கேட்டிருக்கலாம். நான் கடைக்காரரைத் திட்டினேன். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவருக்கு நீளமாக ஒரு மெயிலும் எழுதி, டிஸ்க்கைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்த பதில் ஒரே வரி: சோதித்துப் பார்த்தோம், குறை எதுவும் இல்லை. அந்த மெயிலை இன்று படித்தாலும் காது சுடுகிறது.

திருப்பி அனுப்பும் முன் ஒரு நல்ல காரியம் செய்தேன். ஸ்மார்ட் தகவலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பேடு எழுதி வைத்திருக்கும், ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளையால் அதைப் படிக்கலாம். அதில் 5, 197, 198 என்ற மூன்று எண்களும் டிஸ்க்கின் தட்டைப் பற்றியவை: கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள், சந்தேகத்தில் இருக்கும் செக்டார்கள், படிக்கவே முடியாதவை. மூன்றுமே சைபர். ஆனால் 199 என்ற வரிசையில் 37 என்று இருந்தது. அது சிஆர்சி பிழை. டிஸ்க்கிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வழியில் தகவல் சிதைந்தால் ஏறும் கணக்கு. தட்டு சுத்தம், வழியில்தான் குழப்பம். இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே குரலில் டேட்டா கேபிளை மாற்று என்கிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் சாதாரணப் பொருளாகத் தெரிந்தாலும், கேபினெட்டுக்குள் வழக்கமாகப் பயன்படும் அந்தக் கனெக்டர் 50 முறை மாட்டிக் கழற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்டதுதான். என் கேபிள்களோ மூடி அழுத்தும் இடத்தில் மடங்கி, ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன.

இந்த இடத்தில்தான் பெரிய முட்டாள்தனம். கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால் ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். நான் பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். இன்னொரு புது டிஸ்க். மதர்போர்டின் போர்ட்டே கெட்டிருந்தால் என்ன செய்வது என்று பயன்படுத்திய கன்ட்ரோலர் கார்டு ஒன்று. அதிலிருந்து நாலாகப் பிரியும் கேபிள்கள். அந்தக் கேபிளே ஒரு மாலைப் பொழுதைத் தின்றது. ஒரு முனையில் அகலமான கனெக்டர், மறுமுனையில் நாலு சாட்டா. இதில் இரண்டு வகை உண்டு. கார்டிலிருந்து டிஸ்க்குகளுக்குப் போவது ஒன்று, மதர்போர்டின் நாலு போர்ட்டிலிருந்து டிஸ்க்குகளை நேராகச் செருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போவது இன்னொன்று. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வயரிங் வேறு. எனக்கு வந்தது தப்பான வகை, ஒரு டிஸ்க்கும் தெரியவில்லை. கார்டு செத்தது என்று நினைத்து அதையும் திட்டினேன். வாங்கும்போது "ஃபார்வர்டு" என்றும் "ரிவர்ஸ்" என்றும் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். கார்டிலிருந்து டிஸ்க்குக்கு என்றால் ஃபார்வர்டு.

சரியான கேபிள் வந்ததும், பதினெட்டாம் நாள், டிஸ்க், கேபிள், கன்ட்ரோலர் மூன்றும் புதிதாக ரீபில்டைத் தொடங்கிவிட்டு, இரவில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பார்த்தபோது 61 சதவீதத்தில் நின்றிருந்தது. மூன்றாவது டிஸ்க் விழுந்திருந்தது. கூடவே நாலாவதும். ரெய்டு 5-ல் இரண்டு டிஸ்க். வயிற்றில் பனிக்கட்டி வைத்த மாதிரி இருந்தது. கடைசியாக எடுத்த முழு பேக்கப் ஐந்து வாரம் பழையது. ரெய்டு இருக்கிறதே என்று அலட்சியம். நடுவில் முடித்த இரண்டு வேலைகளின் மூலக் காட்சிகள் வேறு எங்கும் இல்லை.

அந்த நேரத்தில் கை துறுதுறுவென்று வரும். எதையாவது செய்துவிட வேண்டும் போல இருக்கும். தேடினால் பழைய பதிவு ஒன்றில், ரெய்டை மறுபடி கிரியேட் செய்துவிடு என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்து என்டரை அழுத்தும் நிலையில் இருந்தேன். ஏதோ தோன்றி, இந்த வேலையே தொழிலாக உள்ள நண்பனை எழுப்பினேன். "எதையும் தொடாதே. ரீபூட் பண்ணாதே, கிரியேட் பக்கமே போகாதே. முதலில் ஆறு டிஸ்க்கின் எக்ஸாமின் தகவலையும் எடுத்து வேறு இடத்தில் சேமி" என்றான். கிரியேட் என்பது ஏற்கெனவே இருக்கும் அடையாளக் குறிப்புகளை அழித்துப் புதிதாக எழுதுவது. டிஸ்க்குகளின் வரிசையோ, ஒரு அளவோ மாறினால் உள்ளே இருப்பது குழம்பிய குட்டைதான்.

எக்ஸாமின் என்பது ஒவ்வொரு டிஸ்க்கிலும் ரெய்டு எழுதி வைத்திருக்கும் அடையாளக் குறிப்பைப் படிக்கும் கட்டளை. அதில் ஈவென்ட்ஸ் என்று ஓர் எண் வரும். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஏறும் எண் அது. விழுந்த டிஸ்க்கில் அது பின்தங்கி நிற்கும். எங்கள் நாலாவது டிஸ்க், நல்லபடி இருந்த மற்ற நாலை விட மிகச் சில எண்களே பின்தங்கியிருந்தது. இரண்டாவது டிஸ்க் போனதுமே ரெய்டு எழுதுவதை நிறுத்திவிட்டதால் பெரிதாக எதுவும் மாறியிருக்கவில்லை. பாதி ரீபில்டில் நின்ற மூன்றாவதை விட்டுவிட்டு, மீதி ஐந்தை வைத்து ஃபோர்ஸ் கொடுத்து அசெம்பிள் செய்தோம், அதாவது பின்தங்கிய நாலாவதையும் கட்டாயமாகச் சேர்த்து ரெய்டை மறுபடி ஒன்றாக்கினோம். உள்ளே இருந்ததை, படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்தோம். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

கடன் வாங்கிய இரண்டு வெளி டிஸ்க்குகளில் நகலெடுக்கத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் நாலாவது மறுபடி விழுந்தது. மறுபடி அசெம்பிள், மறுபடி நகல், மறுபடி விழுந்தது. நண்பன் போனிலேயே கேட்டான்: "மூன்றாவது டிஸ்க்தான் ரெய்டில் இல்லையே, அதை ஏன் இன்னும் செருகி வைத்திருக்கிறாய்?" சர்வரை முறையாக அணைத்து, மூன்றாவதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதற்கப்புறம் 11 டெராபைட்டும் ஒரு பகல் ஒரு இரவில் இடறாமல் வந்து சேர்ந்தது. நிம்மதிதான். ஆனால் மூன்றாவதைக் கழற்றினால் நாலாவது ஏன் நிமிர்ந்து நிற்கிறது? இந்த 23 நாளில் நான் கேட்ட உருப்படியான முதல் கேள்வி இதுதான்.

பதில் ஸ்மார்ட் குறிப்பேட்டிலேயே இருந்தது, நான் பார்க்காத வரிசையில். 12-ம் எண்: பவர் சைக்கிள் கவுண்ட், அதாவது டிஸ்க்குக்கு மின்சாரம் போய் வந்த தடவைகள். ஆறு டிஸ்க்கின் எண்ணையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு நான்கிலும் ஏறத்தாழ 30. நாலாவதில் 57. கழற்றி வைத்திருந்த மூன்றாவதைத் தனியாக வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். வாங்கிச் சில நாளே ஆன டிஸ்க். மொத்தமே ஓடியது 14 மணி நேரம். சர்வரில் நான் அதை ஆன் செய்தது இரண்டே முறை, இப்போது இந்தக் கணினியில் ஒரு முறை. எண் 9. ஆறு முறை நான் அணைக்காமலே அது அணைந்திருக்கிறது. 192-ம் எண்ணும், மின்சாரம் திடீரென்று போகும்போது முள்ளை அவசரமாகப் பின்னால் இழுத்துக்கொண்ட கணக்கு, கூடவே ஏறியிருந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்கு மட்டும் கரன்ட் போய் வந்தது என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் சொல்லாது. 199-ஐப் பார்த்து டேட்டா கேபிள் பின்னால் ஓடினேனே, மின்சாரம் தடுமாறினாலும் அந்த எண் ஏறலாம். ஆகவே 199 ஏறியிருந்தால் அதோடு நிற்காமல் 12-ஐயும் 192-ஐயும் பக்கத்து டிஸ்க்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்து பவர் வயரைப் பின்தொடர்ந்தேன். மூன்றுக்கும் நாலுக்கும் மட்டும் பவர் சப்ளையிலிருந்து நேராக வயர் வரவில்லை. மோலெக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பழைய நாலு பின் கனெக்டரில் ஒரு அடாப்டர் செருகி, அதிலிருந்து இரண்டு சாட்டா பவர் பிரிந்தது. கழற்ற முயன்றேன், வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும் லேசான தீய்ந்த வாடையோடு வந்தது. வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு வட்டம். உள்ளே இருந்த உலோகக் குழல் வாய் அகன்று, நிறம் கறுத்து, பின்னை இறுக்கிப் பிடிக்காமல் தொளதொளவென்று இருந்தது. மஞ்சள் என்பது 12 வோல்ட், டிஸ்க்கின் மோட்டாரைச் சுழற்றுவது. இந்த அளவுள்ள டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது மட்டும் அந்த வயரில் சுமார் 2 ஆம்பியர் கேட்கும். இரண்டு டிஸ்க் என்றால் இரட்டிப்பு. தளர்ந்த தொடர்பில் கரன்ட் ஓடினால் சூடு, சூட்டில் உலோகம் இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. சும்மா இருக்கும்போது தாக்குப்பிடித்து, ரீபில்டு ஓடும்போது இரண்டும் முழு மூச்சில் வேலை செய்ய, வோல்டேஜ் ஒரு கணம் படுத்துவிடுகிறது. மெல்லிய தடுக்கலில் ஒரு டிஸ்க் மட்டும் விழுகிறது, பெரிய தடுக்கலில் இரண்டும்.

அந்த அடாப்டரைச் செருகியது யார்? நான்தான். இரண்டு வருடம் முன்னால், வெளி டிஸ்க் பெட்டிகளைப் பிரித்து உள்ளே இருந்த இரண்டை எடுத்து சர்வரில் மாட்டினேன். அவை சுழலவே இல்லை. சாட்டா பவர் கனெக்டரில் 15 பின் இருக்கிறது. முதல் மூன்றும் ஆதியில் 3.3 வோல்ட்டுக்கு. சாட்டா விதிமுறையின் 3.3 என்ற பதிப்பில் மூன்றாவது பின்னை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்: அதில் மின்சாரம் இருந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். தொலைவிலிருந்தே டிஸ்க்கை அணைத்து எழுப்பப் பெரிய டேட்டா சென்டர்களுக்கு அது வசதி. பழைய பவர் சப்ளையோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும், டிஸ்க் செத்தது போலக் கிடக்கும். நாலு பின் கனெக்டரில் 12, 5 வோல்ட் தவிர வேறு கிடையாது. அதனால் அடாப்டர் போட்டதும் டிஸ்க் எழுந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் பெரிய பெருமை. கையில் கிடைத்த, பெயர்கூட இல்லாத அடாப்டரைச் செருகி மூடினேன், மறந்தேன்.

புது டிஸ்க் மாட்டியதும் சுழலவே இல்லை, சத்தமே இல்லை என்றால், திருப்பி அனுப்பும் முன் இந்த மூன்றாவது பின்னை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பைச் சிறு துண்டாக வெட்டி டிஸ்க்கின் பவர் பகுதியில், டேட்டா கனெக்டரை ஒட்டிய பக்கத்திலிருந்து எண்ணி முதல் மூன்று பின்னையும் மூடினால் போதும். மூன்றாவதை மட்டும் மூடலாம், ஆனால் அந்த அகலத்துக்கு டேப் வெட்டப் பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேண்டும். நான் இப்போது டேப் ஒட்டித்தான் மாட்டியிருக்கிறேன். அடாப்டரைத் தூக்கிவிட்டு, பவர் சப்ளையின் சொந்த சாட்டா வயரிலேயே ஆறு டிஸ்க்கையும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் மாட்டினேன்.

அந்த இரண்டாவது வரிசைக்கு வயர் போதவில்லை. அலமாரியில் வேறொரு பவர் சப்ளையோடு வந்த கழற்றி மாட்டும் வயர் இருந்தது. முனை கச்சிதமாகப் பொருந்தியது. செருகப் போனவனை நண்பன் நிறுத்தினான். பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் டிஸ்க்கின் போர்டு அந்த நொடியே புகைந்துவிடும். இத்தனையும் மீட்டெடுத்துவிட்டு அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆறில் மூன்றைக் கருக்கியிருப்பேன். அந்த மாடலுக்கே உரிய வயரை வரவழைக்கக் காத்திருந்ததில் ஒரு நாள் போனது, போகட்டும்.

இனி இப்படி வந்தால் என்ன செய்வேன் என்று நண்பனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டது இது. டிஸ்க் விழுந்தால் முதலில் பேக்கப். அப்புறம் சீரியல் எண்ணை வைத்து எது விழுந்தது என்று உறுதி செய்வது, ஏனென்றால் எஸ்டிஏ, எஸ்டிபி எழுத்துகள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். ஒவ்வொரு டிஸ்க்கின் வெளிப்பக்கத்திலும் சீரியலின் கடைசி நாலு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். விழுந்தவனை ஸ்மார்ட் லாங் டெஸ்டில் விடலாம். இந்த அளவு டிஸ்க்குக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தச் சோதனை டிஸ்க் தனக்குள்ளேயே செய்துகொள்வது, தகவல் டேட்டா கேபிள் வழியே போவதில்லை. லாங் டெஸ்டில் தேறிய டிஸ்க் ரெய்டில் மட்டும் விழுந்தால் பிரச்சினை பெரும்பாலும் வெளியே. அப்படியும் சந்தேகம் என்றால், சர்வரை அணைத்துவிட்டு, வயர்களை அப்படியே விட்டு இரண்டு டிஸ்க்குகளை மட்டும் இடம் மாற்றிச் செருகுவது. வியாதி டிஸ்க்கோடு போகிறதா, இடத்தோடே நிற்கிறதா? ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இதைப் பதினைந்தாம் நாளே செய்திருந்தால் கார்டும் வாங்கியிருக்க மாட்டேன், இரவு இரண்டு மணிக்கு நடுங்கியிருக்கவும் மாட்டேன்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ரெய்டை நம்பிவிடவில்லை. ஆறு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் படிக்க விட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 12-ம் எண்ணைப் பார்த்தேன். பவர் கனெக்டர்களைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் குளிர்ந்தே இருந்தன. அப்புறம்தான் ரீபில்டு. 16 மணி நேரம், ஒரு பிழை இல்லை. முதல் நாள் நான் கழற்றிப் போட்ட அந்த மூன்று வயது டிஸ்க்கையும் சோதித்தேன். தட்டில் ஒரு செக்டார்கூடக் கெடவில்லை. இப்போது அது பேக்கப் டிஸ்க்காக ஓடுகிறது. அதன் 199-ம் எண் 214. ஏறிய எண் இறங்காது, அதனால் தேதியோடு "214" என்று அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன், அதே 214-தான்.